பாதி வழியில் இருபத்தெட்டு

ஹுஸ்னியாவுக்கு எதையும் தொடங்குவதில் பயம் கிடையாது. அவளுடைய வில்லங்கமெல்லாம் நடுவில்தான் வரும். தையல் வகுப்புக்குப் போனாள். சட்டைக்குக் கை வைக்கும் கட்டம் வந்ததும் மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். கேக்கில் ஐசிங் பூப்போடப் பழகினாள்; ரோசாப்பூ வந்தது, இலை வரவில்லை, அத்தோடு சரி. கண்டிப் பக்கம் மேற்படிப்புக்குப் பதிந்து, வார இறுதிகளில் பஸ்ஸில் ஏறி இறங்கி, ஆய்வு எழுதும் நேரம் பார்த்து "இது நமக்குச் சரிவராது" என்று சூட்கேஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். கல்முனையில் அவளைத் தெரிந்தவர்கள் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நல்ல மனுஷி, தன்னைப் பற்றிய பகிடிக்கு முகம் சுளிக்கிற ஆள் இல்லை.

ஒரு வேலையை மட்டும் அவள் நடுவில் விடவில்லை. உயர்தர வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிப்பதுதான் அது. வருடக்கணக்காகப் படிப்பிக்கிறாள், பெறுபேறும் நல்லது. அவளுடைய முறை சுருக்கமானது. சீரான ஆர்முடுகல், அதாவது ஒரே அளவில் கூடும் வேகம், என்று கேள்வியில் வந்தால் சமன்பாடுகளை ஓரத்தில் எழுது. தந்திருப்பது எது, கேட்டிருப்பது எது என்று பார். பொருந்துகிற சமன்பாட்டில் போடு. விடை வரும், அடியில் இரண்டு கோடு கீறு. பிள்ளைகள் அப்படியே செய்தார்கள், விடையும் அப்படியே வந்தது. விடை சரியாக வந்துகொண்டிருக்கும் இடத்தில் யார்தான் மேற்கொண்டு தோண்டிப் பார்ப்பார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் இறக்காமத்திலிருந்து ஹப்ஸா தொலைபேசியில் வந்தாள். பல்கலைக்கழக விடுதியில் ஹுஸ்னியாவோடு ஒரே அறையில் இருந்தவள்; இப்போது அங்கே ஒரு பாடசாலைக்கு அதிபர். அந்தப் பாடசாலையில் முதன்முறையாக ஒரு கைப்பிடிப் பெண்பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்கப் போகிறோம் என்று நின்றிருக்கிறார்கள். இரசாயனவியலுக்கு ஆள் கிடைத்துவிட்டது, கணிதத்துக்கும் கிடைத்துவிட்டது. பௌதிகவியலுக்குத்தான் அந்தக் காட்டுப் பக்கம் வர ஒருவரும் இல்லை.

"பெருநாள் கழிஞ்சி பள்ளிக்கூடம் திறக்கிற அண்டு பகல் பன்னெண்டுக்குள்ள டீச்சர் வந்து நிக்கோணும்கா," என்றாள் ஹப்ஸா. "இல்லாட்டி புள்ளயள கலைப்பிரிவுக்கு மாத்தச் சொல்லி கல்வி ஒபிஸ்ல இருந்து அறிவிச்சிட்டாங்க. உம்மா வாப்பாமாரும் அதத்தான் பாத்துக்கிட்டு நிக்காங்க. ஒருக்கா மாத்தினா அவ்வளவுதான், மறுகா இந்த ஊருல விஞ்ஞானம் எண்டு ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள்."

"நான் வாறன்," என்றாள் ஹுஸ்னியா.

யோசிக்கவே இல்லை. சொன்னேன் அல்லவா, தொடங்குவதில் அவளுக்குப் பயமில்லை. இடமாற்றமும் ஆச்சரியப்படும் விதமாகச் சட்டென்று கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எப்படிப் போய் வருவது என்ற யோசனை வந்தது. காலையில் போக பஸ் இருக்கிறது. பின்னேர வகுப்பு முடித்துத் திரும்பி வர ஒன்றும் இல்லை. வயலுக்கு நடுவே போகிற அந்த வீதியில் மஃரிப் நெருங்கி இருட்டத் தொடங்கினால் யானை இறங்கும். ஓட்டோக்காரர்கள் அந்த நேரத்துக்கு அங்கே வரச் சொன்னால் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். ஆக, சொந்தமாகக் கார் ஓட்டிப் போனால்தான் உண்டு.

கார் என்னவோ வீட்டில் இருந்தது. இந்தக் கரையோரத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து சேர்கிறவர். அப்படி வந்து சேர்ந்த ஹிஷாம் இது என்னுடையது என்று அந்த வளவுக்குள் சொல்லக்கூடியதாக வாங்கி விட்ட ஒரே சாமான் அந்தக் கார். வாங்கிவிட்டு மறுபடி டோஹாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். மாமரத்தின் கீழே அது துணி போர்த்தி நிற்கிறது. வட்ஸ்அப்பில் வரும்போது பெண்சாதியின் சுகத்தைக் கேட்டு முடித்ததும் காரின் சுகத்தைக் கேட்பார். இரண்டு கேள்விக்கும் குரல் ஒன்றுபோலவே இருக்கும்.

ஓட்டப் பழக்குவதற்கும் வெளியில் தேடிப் போக வேண்டியதில்லை. ஹிஷாமின் ராத்தா, அதாவது அக்கா, சுபைறா பெண்களுக்கு மட்டும் கார் பழக்குகிறவள். அவளிடம் சிவப்பு 'எல்' பலகை கட்டிய ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு, அதைவிடப் பெரிய தொண்டையும் உண்டு. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப்பேர் அவளிடம் ஏச்சு வாங்கியவர்கள்தான்.

ஹுஸ்னியா நன்றாகவே பழகினாள். கியர் மாற்றினாள், பின்னுக்கு எடுத்தாள், மாட்டுக்கும் சைக்கிளுக்கும் நடுவே புகுந்து வந்தாள். எழுத்துப் பரீட்சையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஓடிக் காட்டும் ட்ரயலில் இரண்டு தரம் தோற்றாள், இரண்டு தரமும் ஒரே இடத்தில். பரீட்சகர் ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டி அதில் நிற்பாட்டச் சொல்வார். ஹுஸ்னியா மெல்ல பிரேக்கில் காலை வைப்பாள். கார் பதமாகக் குறைந்துகொண்டு வரும். பாதித் தூரம் வந்ததும் வேகம் காட்டும் முள்ளைப் பார்ப்பாள். வேகம் பாதியாகக் குறைந்திருக்காது. கோடோ வந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான், நெஞ்சு வாய்க்குள் வந்துவிடும், கால் ஓங்கி மிதிக்கும், கிளட்ச் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கார் ஒரு உலுக்கு உலுக்கி, கோட்டுக்கு எவ்வளவோ முன்னாலேயே இயந்திரம் செத்து நின்றுவிடும்.

"பாதி வரைக்கும் ராணி மாதிரி வாறாய்," என்றாள் சுபைறா. "பாதியில உனக்கு என்னகா புடிக்குது?"

"வேகம் குறையுதில்ல மச்சி. பாதித் தூரம் வந்தா பாதி வேகம் குறையோணும்தானே?"

"குறையோணுமா இல்லயா எண்டு எனக்குத் தெரியா. நான் கால வெச்சா வெச்சபடி இருப்பன். அது தன்ட பாட்டுல போய் நிக்கும்."

இது ஒரு விளக்கமா? ஹுஸ்னியாவுக்கு அப்படிப் படவில்லை. படித்தவள், டீச்சர், அவளிடம் ஒரு திட்டம் இருக்க வேண்டாமா? போட்டாள். கடற்கரை வீதியில் லைட் போஸ்டுகள் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. முதல் போஸ்டில் நாற்பது, அடுத்ததில் முப்பது, அதற்கடுத்ததில் இருபது, பிறகு பத்து, கடைசிப் போஸ்டில் நிற்பது. ஒவ்வொரு போஸ்டுக்கும் சமமாகப் பத்துப் பத்தாகக் குறைத்தால் சீராக வந்து நிற்கும் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கு காருக்கு ஒத்துவரவில்லை. நாற்பதிலிருந்து முப்பதுக்கு அடுத்த போஸ்டுக்குள் இறங்க வேண்டுமென்றால் பிரேக்கை ஒரு பிடி பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு பேருடைய தலையும் கண்ணாடியை முட்டப் போய் வந்தது. கடைசி இரண்டு போஸ்டுக்கும் நடுவிலோ கார் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நகர்ந்தது. பின்னால் ஓட்டோக்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. ஓர் ஆடு இவர்களை முந்திக்கொண்டு போய், திரும்பி நின்று பார்த்தது.

"அதுக்கு லைசன் கிடைக்கும்," என்றாள் சுபைறா.

இதற்குள் நோன்பு பிறந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. சுபைறாவின் கணவர் அபூசாலி பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஊர்ப்பிள்ளைகள் வாளியும் ஜக்குமாக வந்து வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள். வந்து வாங்கமுடியாத நோயாளிகளுடைய வீடுகளுக்கும், தனியாக இருக்கிற முதியவர்களுடைய வீடுகளுக்கும் சுபைறாதான் காரில் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்த ஓட்டத்தையும் ஹுஸ்னியாவின் பயிற்சியையும் அவள் ஒன்றாக்கிவிட்டாள். பெற்றோல் மிச்சம், நன்மையும் சேரும் என்றாள்.

இப்படிப்பட்ட யோசனை வேறு எந்த ஊர்க்காரருக்கும் வந்திருக்காது. பிரேக் பிடிக்கத் தெரியாத ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் வாளி நிறையச் சுடுகஞ்சி!

முதல் நாள் அல்லாஹ் காப்பாற்றினான். இரண்டாம் நாள் கடற்கரை வீதியில் ஹுஸ்னியா தன் போஸ்ட் கணக்கைக் கையில் எடுத்தாள். முதல் போஸ்ட் வந்தது, பிரேக்கை அமுக்கினாள், பின்னால் வாளியின் மூடி தெறித்து வெடித்த சத்தம் கேட்டது. கஞ்சி ஆசனத்துக்கு அடியில், விரிப்பில், இரண்டு பேருடைய அபாயா ஓரத்தில், எங்கும் கஞ்சி. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் றம்பை இலையும் சேர்ந்து மணந்த அந்த வாசத்தை நோன்பு வயிற்றோடு முகர்ந்துகொண்டு இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

மீதி இருந்ததைப் பங்கு வைத்ததில் கடைசி வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வீட்டில் அச்சிமுகம்மது என்ற முதியவரும் கண் தெரியாத அவர் மனைவியும் இருந்தார்கள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"ஒண்டுமில்ல புள்ள," என்றார் அச்சிமுகம்மது. "பேரீச்சம்பழம் கிடக்கு, தண்ணி கிடக்கு. வேறென்ன வேணும்?"

ஏசியிருந்தால் ஹுஸ்னியா தாங்கியிருப்பாள். அந்த "ஒண்டுமில்ல" அவளைச் சுட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு, அப்படியே தொழுகைப் பாயில் இருந்தபடி ஹப்ஸாவுக்கு அழைப்பெடுத்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எனக்கு ஏலா, வேறு ஆளைப் பார் என்பாள். சொல்லிவிட்டால் நெஞ்சு இலேசாகிவிடும். எத்தனை தரம் இப்படி இலேசாக்கியிருக்கிறாள், அந்தச் சுகம் அவளுக்குப் பழக்கமானதுதான்.

ஹப்ஸா முந்திக்கொண்டாள். "ரெண்டு வாப்பாமார் இண்டைக்கு வந்து, எங்கட புள்ளய இப்பவே கலைப்பிரிவுல போடுங்க எண்டு நிண்டாங்க. பெருநாள் கழியட்டும் எண்டு அனுப்பினன். ஆகிலா எண்டு ஒருத்தி இரிக்காள், மத்த புள்ளயளுக்கெல்லாம் 'டீச்சர் வருவாங்க, டீச்சர் வருவாங்க' எண்டு சொல்லிக்கிட்டுத் திரியிறாள். நீ என்ன சொல்ல எடுத்தாய்?"

"ஒண்டுமில்ல," என்றாள் ஹுஸ்னியா. "சும்மா எடுத்தன்."

மறுநாள் சுபைறா சாவியைக் கொடுக்கவில்லை. "இண்டைக்கு நீ ஓட்டத் தேவல்ல. இஞ்சால ஏறி வாளியப் புடி. கஞ்சி கொண்டுபோறது எண்டா என்னண்டு தெரியட்டும்." மூடி முந்தின நாளே உடைந்துபோனதால் வாளி திறந்தபடி இருந்தது. ஹுஸ்னியா இடப்பக்க ஆசனத்தில் வாளியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, தண்டனை பெற்ற பிள்ளை மாதிரிக் குனிந்து கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. பார்க்கப் பார்க்கப் பசித்தது.

கார் புறப்பட்டது. கஞ்சி அவள் பக்கமாகச் சாய்ந்து ஏறியது. சுபைறா நாற்பதைத் தொட்டு அப்படியே ஓடினாள். கஞ்சி அடுப்பங்கரை மேசையில் வைத்தது போல மட்டமாக நின்றது. நாற்பதில் ஓடுகிறது கார், கஞ்சிக்கு அந்த நாற்பதே தெரியவில்லை! பிறகு சுபைறா ஒரு வீட்டு வாசலுக்கு நிற்பாட்ட பிரேக்கில் காலை வைத்தாள். கஞ்சி முன்பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்து, அந்தச் சாய்விலேயே நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கார் நிற்கும்வரை அதே சாய்வு. நின்றதும் ஒரு தரம் தளும்பி மட்டமாகியது. ஒரு சொட்டும் வெளியே வரவில்லை.

ஹுஸ்னியா தலையை நிமிர்த்தினாள்.

"மச்சி, திரும்பவும் ஒருக்கா ஓடி நிப்பாட்டுங்க."

"என்னத்துக்கு? கஞ்சி குடுக்க வந்தமா, விளையாட வந்தமா?"

"ஒருக்கா மச்சி. ஒரே ஒருக்கா."

இந்தத் தரம் கஞ்சியை ஒரு கண்ணால் பார்த்தாள், முள்ளை மறு கண்ணால் பார்த்தாள். கஞ்சி ஒரே சாய்வில் நிற்க, முள் ஒரே பதமாக இறங்கியது, நிதானமாக எண்ணுகிற மாதிரி: நாற்பது, முப்பது, இருபது, பத்து. அதற்கடுத்த தரம் முள்ளை விட்டுவிட்டு லைட் போஸ்டுகளைப் பார்த்தாள். முதலிரண்டு போஸ்டும் சட்சட்டென்று பின்னால் போயின. அடுத்தது ஆறுதலாக வந்தது. கடைசிப் போஸ்ட் வரவே மனமில்லாமல் வந்து சேர்ந்தது. கஞ்சியோ தொடக்கத்தில் எப்படிச் சாய்ந்ததோ அப்படியே.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பசியால் என்று முதலில் நினைத்தாள்.

வேகம் போஸ்டுக்குப் போஸ்ட் சமமாகக் குறைவதில்லை. நேரத்துக்கு நேரம்தான் சமமாகக் குறைகிறது. அதுதான் சீரான அமர்முடுகல். ஒவ்வொரு நொடியும் ஒரே அளவு வேகத்தைக் கழற்றி வைக்கிறது கார். ஆனால் முதல் நொடிகளில் அது இன்னும் வேகமாக ஓடுவதால் நிறையத் தூரத்தை விழுங்கிவிடுகிறது. கடைசி நொடிகளில் ஊர்வதால் கொஞ்சத் தூரந்தான் போகிறது. ஆகவே பாதித் தூரம் வரும்போது பாதி நேரம் ஆகியிருக்காது. பாதி நேரம் ஆகாத இடத்தில் பாதி வேகம் எப்படிக் குறையும்? போஸ்டுக்குப் பத்துப் பத்தாகக் குறைக்க அவள் போட்ட திட்டம், தொடக்கத்தில் ஓங்கி மிதிக்கச் சொல்லி முடிவில் ஊரச் சொல்கிற திட்டம். மூடி தெறித்ததில் என்ன ஆச்சரியம்?

மனதுக்குள் கணக்குப் போட்டாள். தூரத்துக்குத் தூரம் சமமாகக் குறைவது வேகம் அல்ல, வேகத்தின் வர்க்கம். நாற்பதின் வர்க்கம் ஆயிரத்து அறுநூறு. பாதித் தூரத்தில் அதில் பாதி, எண்ணூறு. அதன் வர்க்கமூலம்...

"இருபத்தெட்டு!" என்று கத்தினாள். வாளி ஆடியது.

"ஆருக்கு இருபத்தெட்டு?" என்றாள் சுபைறா திடுக்கிட்டு.

"எனக்கு மச்சி! பாதி வழியில இருபத்தெட்டுல வரத்தான் வேணும். அது பிழையே இல்ல. சரியா வந்துக்கிட்டு இருக்கக்குள்ளதான் நான் பயந்து மிதிச்சிரிக்கன். ரெண்டு ட்ரயலும் அப்படித்தான்!"

"அது பிழை எண்டு ஆரு சொன்ன? வெச்ச கால வெச்சபடி இரு எண்டுதானே நான் தொண்டை தண்ணி வத்தக் கத்தினன்."

"ஏன் எண்டு நீங்க சொல்லல்லயே!"

"ஏன் எண்டு எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லுற? இப்ப நீ சொல்லு."

ஹுஸ்னியா சொன்னாள். கடற்கரை வீதியோரம் காரை நிறுத்திவைத்து, கஞ்சி ஆறிக்கொண்டிருக்க, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிய அதே சமன்பாடுதான் அது. பிள்ளைகளைக்கொண்டு எத்தனை வர்க்கமூலம் எடுக்க வைத்திருப்பாள்! தன்னுடைய காலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. சந்தோஷம்தான் பொங்கியது. தினமும் திறந்து மூடுகிற அலுமாரிக்குள் இன்னொரு தட்டு இருப்பதைக் கண்டுபிடித்தவள் போல இருந்தாள். சுபைறா முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, விளங்கிச்சி. இனி ஓடிக் காட்டு," என்று இறங்கி ஆசனம் மாறினாள்.

தலைக்கு விளங்குவது வேறு, காலுக்கு விளங்குவது வேறு. அன்றைக்கும் பாதி வழியில் கால் துடித்தது, கஞ்சி தளும்பியது, சுபைறாவின் மடி நனைந்தது. ஆனாலும் மிதிக்கவில்லை. அதற்கடுத்த நாள் வாய்விட்டு "இருபத்தெட்டு, இருபத்தெட்டு" என்று சொல்லிக்கொண்டே நிற்பாட்டினாள். நோன்பு போகப் போக அந்த முணுமுணுப்பும் குறைந்தது. அச்சிமுகம்மதின் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று அவளே வீடுகளின் வரிசையை மாற்றினாள். அவருடைய கோப்பை நிறைந்த அன்று, வீட்டுக்கு வந்து ஹிஷாமுக்கு அழைப்பெடுத்து அரைமணி நேரம் அமர்முடுகல் பற்றிக் கதைத்தாள். அவர் கவனமாகக் கேட்டார். கடைசியில், "நம்மட கார் சுகமா?" என்றார்.

பெருநாள் வந்தது, வட்டிலப்பம் தின்றார்கள், முடிந்தது. ட்ரயலுக்குக் கிடைத்த திகதி பள்ளிக்கூடம் திறக்கிற அதே நாள் காலை. மாற்றக் கேட்டால் மாதக்கணக்கில் தள்ளிப் போகும். ஹப்ஸாவிடம், "பகலுக்குள்ள வந்துருவன், புள்ளயள மாத்திப்போடாத," என்று சொல்லிவைத்தாள். தோற்றால் என்ன செய்வது என்று சுபைறா கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும். லைசன் இல்லாமல் நாளைக்குப் போகலாம், நாளைமறுநாளும் போகலாம். ஒரு தவணை முழுக்கப் போக ஏலாது. பாதியில் விடப்போகிற டீச்சரை நம்பி அந்தப் பிள்ளைகளை இறக்குவது பாவம்.

பரீட்சகர் அதே மனிதர். மெலிந்தவர், வெயிலோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பவர் போன்ற முகம். ஹுஸ்னியாவைக் கண்டதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆசனப்பட்டியை இழுத்து இரண்டு தரம் சரிபார்த்தார். எல்லாம் நன்றாகப் போயிற்று. பிறகு அந்தக் கோடு வந்தது.

"அந்த வெள்ளக் கோட்டுல நிப்பாட்டுங்க மிஸ்."

நாற்பதில் வந்து பிரேக்கில் காலை வைத்தாள். கார் குறையத் தொடங்கியது. பாதித் தூரம் வந்தது. முள் இருபத்தெட்டில் இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. என்றாலும் நெஞ்சு எழும்பி வாய்க்கு வந்தது. கோடு கார்ப்பக்கம் ஓடி வந்தது. பரீட்சகரின் இடக்கை கதவுப் பிடியைப் பற்ற, வலக்கால் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது.

"பிரேக் மிஸ், பிரேக்! கூடப் புடிங்க!"

முந்திய ஹுஸ்னியாவுக்கு அந்த ஒரு சத்தம் போதும். இந்த ஹுஸ்னியாவுக்கும் கால் துடித்ததுதான். ஆனால் வைத்த கால் வைத்தபடி இருந்தது. முள் இறங்கிக்கொண்டே வந்தது. பதினைந்து, பத்து, கிளட்சை அமுக்கினாள், கார் ஒரு பெருமூச்சோடு நின்றது. முன் பம்பருக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. இயந்திரம் உயிரோடு இருந்தது.

பரீட்சகர் எட்டிக் கோட்டைப் பார்த்தார். கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"போன தடவையும் நீங்கதானே வந்த? இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யல்ல சேர்," என்றாள் ஹுஸ்னியா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பாதியில ஒண்டும் செய்யாம விட்டன்."

அவர் தாளில் 'சித்தி', அதாவது தேர்ச்சி, என்று குறித்தார். வெளியே சுபைறா வீதியில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். பிறகு நேரத்தைப் பார்த்தாள். 'எல்' பலகையைக் கழற்றக்கூட நிற்கவில்லை. லைசன் கைக்கு வரும்வரை பக்கத்தில் தான் இருந்தாக வேண்டும் என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள். சம்மாந்துறை தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். வீதியில் முந்தின இரவு இறங்கிய யானையின் விட்டை கிடந்தது. ஹுஸ்னியா அதைச் சுற்றி எடுத்துப் போனாள். அவள் அவ்வளவு விரைவாக ஓட்டி சுபைறா கண்டதில்லை, ஆனாலும் ஏசவில்லை.

ஹப்ஸா வாசலிலேயே நின்றாள். முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"காலையில கல்வி ஒபிஸ்ல இருந்து ஆள் வந்திட்டாங்க," என்றாள். "டீச்சர் எங்க எண்டு கேட்டாங்க. வாப்பாமாரும் வந்து நிண்டாங்க. நான் எவ்வளவோ சொன்னன்கா. புள்ளயள கலைப்பிரிவு வகுப்புக்குள்ள இருத்திப்போட்டுப் போயிட்டாங்க."

"பகல் பன்னெண்டு ஆகல்லயே."

"ஆகல்ல."

"எந்த வகுப்பு?"

அது மண்டபத்தின் கடைசி வகுப்பு. உள்ளே அரசியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில், கதவோரமாக, வெள்ளை உடுப்பும் பர்தாவுமாகச் சில பிள்ளைகள் இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் கதிரைகளை அவர்களே தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஒருத்தியுடைய கொப்பியும் திறந்திருக்கவில்லை. ஹுஸ்னியா ஸலாம் சொல்லி, படிப்பித்துக்கொண்டிருந்த டீச்சரிடம் அனுமதி கேட்டு, வாசலில் நின்றாள்.

"நான் பௌதிகவியல் டீச்சர். பிந்திட்டன். எங்கட வகுப்பு எந்தப் பக்கம்?"

ஒருவரும் அசையவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வந்த பாதை எல்லாம் வீணாகிவிட்டதோ என்று ஹுஸ்னியா நினைத்தாள்.

பின்வரிசையில் ஒருத்தி எழும்பினாள். புத்தகப்பையைத் தோளில் போட்டாள், கதிரையை இரண்டு கையாலும் தூக்கினாள், மேசைகளுக்கு நடுவால் நடந்து வெளியே வந்தாள். "ஆகிலா, டீச்சர்," என்றாள் கடந்து போகும்போது. அவள் பின்னால் ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. சீமெந்து நிலத்தில் கதிரைக் கால்கள் இழுபடும் அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. வாசலைத் தாண்டிய ஒவ்வொருத்தியும் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருத்தி மட்டும் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே நின்றாள். சின்ன உருவம், முகம் சிவந்திருந்தது.

"எங்கட வாப்பா காலையில வந்து கலைப்பிரிவு எண்டு சொல்லிட்டுப் போயிட்டார் டீச்சர்."

"சரி மகள்," என்றாள் ஹுஸ்னியா. வேறென்ன சொல்வது? வாப்பா சொன்ன சொல்லுக்கு எதிராக ஒரு பிள்ளையை இழுப்பதற்கு அவள் வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

பிள்ளை குனிந்து கதிரையைப் பார்த்தாள். பிறகு தூக்கினாள். அவளுடைய உயரத்துக்கு அது பாரம்தான்.

"வாப்பாவோட நான் பின்னேரம் கதைக்கிறன்," என்றாள்.

ஹுஸ்னியா போய்க் கதிரையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.